கேண்டீன் அட்டையும் குடிநோயும்: முன்னாள் படைவீரர் சிகிச்சையில் ஒரு முரண்

தமிழ்நாட்டு ஊர்களில் ‘மிலிட்டரி சரக்கு’ என்னும் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. விடுப்பில் வருபவரின் டிரங்குப் பெட்டி திறக்கப்படும் முன்பே அதற்குள் என்ன இருக்கிறது என்பது பங்காளிகளுக்கும் மைத்துனர்களுக்கும் தெரியும். கேரளத்திலும் பஞ்சாபிலும் உத்தரகண்டின் மலையூர்களிலும் இதே வழக்கம் வேறு பெயர்களில் உண்டு. படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கேண்டீன் அட்டையில் மதுவுக்கான மாத ஒதுக்கீடு தொடர்கிறது. பதவிக்கேற்ப அளவு மாறுமே தவிர உரிமை மாறுவதில்லை. அந்தப் புட்டி குடிப்பதற்கு மட்டும் உரியதன்று. வீடு கட்டும் கொத்தனாருக்கும், பட்டா மாற்றிக் கொடுத்தவருக்கும், சம்பந்தி வீட்டாருக்கும் கைமாறும் ஒருவகை நாணயமாகவும் அது புழங்குகிறது. முன்னாள் படைவீரரின் குடிநோயைப் பற்றிய பேச்சு இந்தப் புட்டியிலிருந்து தொடங்குவதே முறை. ஏனெனில் அதைக் குறைந்த விலையில் மாதந்தோறும் வழங்குவது சாராய வியாபாரி அல்லன், இந்திய அரசு.

படைவீரர் என்றாலே குடிப்பவர் என்னும் திரைப்பட வார்ப்பு இங்கே பயன்படாது. ஒதுக்கீட்டை வாங்குவோர் எல்லாரும் குடிநோயாளிகள் அல்லர். வாங்கிப் பிறருக்குக் கொடுத்துவிட்டுத் தாம் தொடாதவர்களும் உண்டு. சமூகநீதி அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் போதை மருத்துவ மையம் நடத்தி 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியரில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துகின்றனர், 2.7 விழுக்காட்டினர் குடிசார்பு நிலையில் உள்ளனர். அந்நிலையில் உள்ள 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஓர் உதவி கிடைத்திருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். சுமார் 2 இலட்சம் வீடுகளில் ஏறி இறங்கிய அந்த ஆய்வின் அட்டவணைகளில் முன்னாள் படைவீரர் என்னும் பிரிவு இல்லை. எண்ணிக்கையே எடுக்கப்படாத ஒரு மக்கட்பிரிவைப் பற்றி ‘பிரச்சினை பெரிதன்று’ என்று சொல்வதும் எளிது, ‘எல்லாரும் குடிக்கிறார்கள்’ என்று சொல்வதும் எளிது. இரண்டுமே நடக்கின்றன.

சட்டத்தின் வரலாறு இன்னும் சுவையானது. மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 47-ஆம் உறுப்பு. அதே அரசமைப்பின் கீழ், 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் படையினரின் உணவகங்களுக்கும் கேண்டீன்களுக்கும் விலக்களித்தது. அந்த விலக்கு சமத்துவத்துக்கு முரணானது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் கருதியது. ஆனால், 1951-இல் பல்சாரா வழக்கில் உச்சநீதிமன்றம் அதனைச் செல்லும் என்றது. படையினருக்கென்று தனி மரபும் வாழ்முறையும் உண்டு. அவை அவர்களுடைய மனவுறுதியைக் காப்பதற்காக நீண்ட பட்டறிவில் விளைந்தவை. ஆகவே அவர்களைத் தனி வகுப்பாகக் கொள்வது நியாயமானதே என்பது தீர்ப்பின் சாரம். நாட்டின் மீதிப் பேருக்கு மது தீங்கு, படைவீரருக்கோ அது பணியின் ஓர் உறுப்பு என்பதைச் சட்டம் அன்றே ஏற்றுக்கொண்டுவிட்டது.

அந்த மதுவே நோயாக மாறும்போது அரசின் மொழி மாறிவிடுகிறது. படைத்துறை ஓய்வூதியங்களுக்கான மருத்துவ அலுவலர் வழிகாட்டியின் 2002-ஆம் ஆண்டுப் பதிப்பு, மது, புகையிலை, போதைப்பொருள் ஆகியவற்றின் மிகைப் பயன்பாட்டால் விளையும் ஊனத்துக்கோ மரணத்துக்கோ இழப்பீடு வழங்கலாகாது என்கிறது. அதற்குக் கூறும் காரணம், இவை அந்நபரின் சொந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை என்பதாகும். பனிமலையில் ரம் அருந்துவது மரபு. அதே ரம்மால் ஈரல் கெட்டால் அது தனிமனிதத் தெரிவு. கொடுக்கும்போது ‘படை’, கெடும்போது ‘அவன்’. இதைவிட வசதியான ஓர் இலக்கணம் எந்த நிருவாகத்துக்கும் வாய்த்திராது.

மற்ற நோய்களில் நீதிமன்றங்கள் எடுத்துள்ள நிலையோடு ஒப்பிட்டால் இந்த விலக்கின் கடுமை புலப்படும். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், சேர்க்கையின்போது குறிப்பிடப்படாத நோய் பின்னர் தோன்றினால் அது பணியால் நேர்ந்ததென்றே அனுமானிக்க வேண்டும், மாறாக நிறுவும் சுமை அரசுடையது என்று தெளிவுபடுத்தியது. அவருக்கு வந்தது வலிப்பு நோய். 18 வயதில் மதுவின் சுவையறியாமல் சேர்ந்த ஒருவர் 38 வயதில் குடிநோயாளியாக வெளியேறினால் அந்த அனுமானம் ஏன் அவருக்குப் பொருந்துவதில்லை? குடிநோய், நோய் என்னும் வகைப்பாட்டுக்குள் வராதா? வரும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. மது, போதைப்பொருள் ஆகியவற்றின் தவறான பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளை அது மனநோய் என்னும் வரையறைக்குள் வைத்திருக்கிறது. அரசு நடத்தும் அல்லது அரசுப் பணத்தில் இயங்கும் மனநலச் சேவைகளைப் பெறும் உரிமையை அதன் 18-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. சட்டநூலில் நோயாளி, ஓய்வூதியக் கோப்பில் கட்டுப்பாடற்றவன். ஒரே அரசின் இரண்டு ஏடுகள் இவை.

பணிக்காலத்திலேயே சிகிச்சை கிடைக்காதா என்ற கேள்வி எழலாம். கிடைக்கும்; படை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள் நீண்ட அனுபவம் உடையவை, அங்குள்ள மருத்துவர்களின் ஆய்வுரைகள் இத்துறையில் மதிக்கப்படுபவை. சிக்கல் மருத்துவத்தில் இல்லை. அதற்குச் செல்லும் வாயிலில் இருக்கிறது. மனநல மருத்துவரிடம் அனுப்பப்படும் வீரரைப் பற்றி அவருடைய கட்டளை அதிகாரி ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-10 என்னும் படிவத்தில் அறிக்கை தர வேண்டும். பிறகு ‘ஷேப்’ என்னும் மருத்துவத் தரவரிசையில் மனநிலையைக் குறிக்கும் முதற்கூறு தாழ்த்தப்படும். பதவி உயர்வும் நல்ல பணியிடமும் பணிநீட்டிப்பும் அந்த ஒரு கூறைச் சார்ந்திருக்கின்றன. இராணுவச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு போதையில் இருப்பதையே தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. நோயாளியும் குற்றவாளியும் ஒரே கதவைத் தட்ட வேண்டியிருக்கும்போது, தட்டாமல் இருப்பதே பலருக்கு அறிவுடைமையாகத் தோன்றும். கை நடுங்கத் தொடங்கிய ஹவில்தார் நண்பர்களின் துணையோடு அதை மறைப்பார். நண்பர்களும் நல்லெண்ணத்தோடுதான் மறைப்பார்கள்.

மறைக்க இயலாதவருக்கு என்ன நேர்கிறது என்பதே இப்பொருளின் மிகக் கசப்பான பகுதி. போதையில் இருந்தமைக்காகவும் விடுப்பு முடிந்தும் திரும்பாமைக்காகவும் தண்டனைகள் சேரும். அவை பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறும். அத்தகைய பதிவுகள் நான்கு சேர்ந்தால் ‘விரும்பத்தகாத வீரர்’ என்று இராணுவ விதி 13-இன் கீழ் வெளியேற்றும் நடைமுறை இருந்துவந்தது. 2015-இல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்சநீதிமன்றம் இதில் தலையிட்டது. நான்கு பதிவுகள் என்பதாலேயே வெளியேற்றம் தானாக நிகழ்ந்துவிடாது, விசாரணை வேண்டும், பணிக்காலத்தின் நீளம், கடினமான இடங்களில் ஆற்றிய பணி, ஓய்வூதியத் தகுதிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பன எல்லாம் எண்ணிப் பார்க்கப்பட வேண்டும் என்று அது சொன்னது. அந்தத் தீர்ப்பை மருத்துவக் கண்ணோட்டத்தில் இன்னொரு முறை வாசிக்க வேண்டும். சாதாரண வீரருக்கு ஓய்வூதியம் கிட்ட 15 ஆண்டுப் பணி வேண்டும். ஓய்வூதியம் இருந்தால்தான் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-இன் கதவு திறக்கும். தவறான நடத்தைக்காக வெளியேற்றப்பட்டவருக்கு ‘முன்னாள் படைவீரர்’ என்னும் தகுதியே கிடையாது. ஆக, குடிநோய் மிகக் கடுமையாக முற்றியவர் எவரோ அவரே சிகிச்சைத் திட்டத்தின் வேலிக்கு வெளியே நிற்கிறார். நோயின் அறிகுறிகளையே தகுதி நீக்கத்துக்கான காரணங்களாக எண்ணும் மருத்துவத் திட்டம் வேறெந்த நோய்க்கும் இருப்பதாகத் தோன்றவில்லை.

இவ்விடத்தில் ஓர் அயல்நாட்டு ஆய்வை நினைவுகூர்வது பொருத்தம். வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்கப் படையினரிடையே ஹெராயின் பழக்கம் பரவியிருப்பது 1971-இல் பெரும் அச்சத்தை எழுப்பியது. நாடு திரும்பியோரைத் தொடர்ந்து ஆராய்ந்த லீ ராபின்ஸின் முடிவுகள் எவரும் எதிர்பாராதவை. போர்க்களத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமைநிலையில் இருந்தார். நாடு திரும்பிய முதலாண்டில் மீண்டும் அந்நிலைக்குச் சென்றோர் அவர்களுள் 5 விழுக்காட்டை ஒட்டியே இருந்தனர். போதைப்பொருளின் வேதியியல் மாறவில்லை, சூழல் மாறியது. மலிவாகக் கிடைத்த சரக்கு, அதைப் புகைத்த கூட்டாளிகள், சலிப்பு, அச்சம் ஆகிய அனைத்தும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. இந்திய வீரருக்கு நேர்வது இதன் தலைகீழ். அவரைக் கட்டுக்குள் வைத்திருந்த சூழலே, அதாவது விடியற்காலை உடற்பயிற்சியும் மாலை ரோல் காலும், எந்த நாளில் எவ்வளவு என்று பிறர் வகுத்த அளவும்தான் பாசறை வாயிலில் நின்றுவிடுகின்றன. சரக்கு மட்டும் அட்டையின் வடிவில் அவரோடு ஊருக்கு வருகிறது. கூடவே, 40 வயதை ஒட்டிய ஓர் ஆணுக்கு முன்னால் நாள் முழுவதும் வெறுமையாக விரிந்து கிடக்கிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் இவ்வாறு வெளியேறுகின்றனர். அவர்களுள் பலருக்குக் கிடைக்கும் அடுத்த வேலை வங்கி வாயிலிலோ அடுக்ககத்திலோ இரவுக் காவல். உறக்கம் கெட்டவருக்கு இரவுப்பணி எத்தகைய துணை என்பதை விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் நடப்பது பெரும்பாலும் ஒரே கதை. மனைவியும் மூத்த மகனும் சேர்ந்து ஒருநாள் அட்டையை ஒளித்து வைக்கின்றனர். அறையில் பூட்டி வைப்பதும் உண்டு. அன்பினால் செய்யப்படும் இச்செயல் உயிரையே வாங்கக்கூடும் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லியிருப்பதில்லை. நெடுங்காலம் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் நாளிலேயே உடல் உதறலும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாள்களில் சன்னி கண்டு, இல்லாத உருவங்களைக் கண்டு அலறுவார். முன்னாள் படைவீரர் அவ்வேளையில் எல்லைக் காவலில் இருப்பதாக எண்ணிக் கட்டளையிடுவதை ஊர் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கும். மருத்துவ மேற்பார்வையில் பென்சோடயசெபைன் வகை மருந்துகளும் தயமின் ஊசியும் கொண்டு எளிதில் கடக்கக்கூடிய நாள்கள் அவை. அதைக் கடந்த பின்னரே உண்மையான சிகிச்சை தொடங்குகிறது. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிரம் போன்ற மருந்துகள், உறக்கத்துக்கும் முதுகுவலிக்கும் பழைய கனவுகளுக்கும் தனித்தனிக் கவனிப்பு, சறுக்கினால் திட்டாமல் திரும்ப ஏற்றுக்கொள்ளும் ஓர் ஆலோசகர். இதற்கு மாதங்கள் போதா, ஆண்டுகள் ஆகும்.

2003 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இ.சி.எச்.எஸ். திட்டத்தைக் குறை சொல்வதற்காக இது எழுதப்படவில்லை. நானூறுக்கும் மேற்பட்ட பன்மருத்துவகங்கள், அங்கிருந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளுக்குப் பரிந்துரை என்னும் அதன் அமைப்பு கண்புரைக்கும் இதய அடைப்புக்கும் பல குடும்பங்களைக் கடனிலிருந்து காத்திருக்கிறது. ஆனால், அந்த அமைப்பு ஒரு நிகழ்வாக வந்து முடியும் நோயை மனத்தில் கொண்டது. பரிந்துரைச் சீட்டு, அனுமதி, அறுவை, கட்டணம், முடிவு. குடிநோய் அவ்வாறு முடிவதில்லை. மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தில் போய், வரிசையில் நின்று, தெரிந்த சுபேதார்களின் கண்முன்னே ‘குடிக்கு வந்திருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்துக்கு எத்தனை பேர் இரண்டாம் முறை போவார்கள்? சிகிச்சை ஊருக்குள் வரும் மாதிரிகள் நம்மிடமே உண்டு. சென்னையின் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை மஞ்சக்குடியில் நடத்திய முகாம் முறை, ஊராரையே விருந்தோம்புநராக்கிக் குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. 1990-களில் பன்னாட்டு ஆய்விதழிலும் அது பேசப்பட்டது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. முகவரிப் பட்டியலும் அங்கே இருக்கிறது. இரண்டையும் இணைக்கத் தேவைப்படுவது பெருஞ்செலவன்று.

மனைவியரைப் பற்றித் தனியாக ஒன்று. படைவீரர் சார்ந்த நலத்திட்டங்களில் அவர்கள் ‘சார்ந்திருப்போர்’ என்னும் சொல்லால் குறிக்கப்படுகின்றனர். குடிநோய் உள்ள வீட்டில் யார் யாரைச் சார்ந்திருக்கிறார் என்பது அட்டையில் உள்ளதற்கு நேர்மாறானது. 1984-இல் இன்றைய உத்தரகண்ட் மலைப்பகுதியில் சாராயத்துக்கு எதிராகப் பெண்கள் பெருமளவில் திரண்ட இயக்கத்தின் முழக்கம் ‘போதை வேண்டாம், வேலை கொடு’ என்பதாகும். வீட்டுக்கு ஒருவரைப் படைக்கு அனுப்பும் மலை அது. மதுவையும் வேலையின்மையையும் ஒரே வரியில் வைத்த அந்தப் பெண்களின் நோயறிதல், பல மருத்துவக் குழுக்களின் அறிக்கைகளைவிடத் துல்லியமானது.

இழப்பீட்டைத் தளர்த்தினால் ஓய்வூதியத்துக்காகவே குடிப்பார்கள் என்பது பொதுவாக எழும் மறுப்பு. இது முற்றிலும் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால், அமெரிக்கச் சட்டம் இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தது என்பதைப் பார்க்கலாம். 1988-இல் டிரெய்னர் வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம், வேறு மனநோய் காரணமாக அல்லாத குடிநோயை வேண்டுமென்றே செய்த தவறாகக் கொள்ளும் விதியை நிலைநிறுத்தியது. 1990-இன் சட்டமும் நேரடி இழப்பீட்டை நிறுத்தியது. எனினும் 2001-இல் ஆலன் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், பணியால் நேர்ந்த மனக்காயத்தின் விளைவாகவே குடிநோய் வந்திருந்தால் இழப்பீடு உண்டு என்று வழிவிட்டது. அதாவது, பொதுக்கதவு மூடப்பட்டாலும் காரணத்தை நிறுவ ஒரு வாய்ப்பு விடப்பட்டது. இவற்றுக்கு அப்பால், சிகிச்சை என்பது இழப்பீட்டிலிருந்து பிரித்து வைக்கப்பட்டது. பணம் யாருக்கு என்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மருத்துவம் தரப்படலாம். இந்தியாவில் இரண்டும் ஒரே மருத்துவக் குழுவின் ஒரே தாளில் முடிச்சிடப்பட்டிருப்பதால்தான் விவாதம் எப்போதும் பணத்தில் போய் நிற்கிறது.

ஒதுக்கீட்டையே நிறுத்திவிடலாம் என்போரும் உளர். அந்தத் தீர்வு எளிமையானது, ஆகவே ஐயத்துக்குரியது. அந்தப் புட்டியை விற்றுப் பேரப்பிள்ளைகளின் கட்டணத்தைக் கட்டும் முதியவர்கள் இருக்கிறார்கள்; நிறுத்தினால் குடிநோயாளி மலிவான, மோசமான சரக்குக்கு மாறுவார். அதைவிட, ஒருவர் தாமே விரும்பி எழுதிக் கொடுத்தால் மது அட்டையை முடக்கி, அதற்கீடான சலுகையை மளிகைக் கணக்கில் சேர்க்கும் ஓர் ஏற்பாடு செய்யலாம். ஸ்மார்ட் அட்டை இருக்கும் இக்காலத்தில் அது கணினியில் ஒரு சிறு மாற்றம் மட்டுமே. மது விற்பனையில் கேண்டீன்களுக்குக் கிடைக்கும் வருவாயில் ஒரு பங்கை முகாம்களுக்கு ஒதுக்குவதும் நியாயமே. படையிலிருந்து விடுவிக்கும்போது நடக்கும் மருத்துவச் சோதனையில் உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கொண்ட ‘ஆடிட்’ வினாப்பட்டியலைச் சேர்க்கலாம். அதன் விடைகள் ஓய்வூதியக் கோப்புக்குப் போகாமல் சொந்த மாவட்டத்தின் மனநல மருத்துவருக்கு மட்டும் போக வேண்டும். கோப்புக்குப் போகும் என்று தெரிந்தால் எவரும் உண்மையான விடை தரமாட்டார்கள்.

இவை அனைத்தும் ஓய்வூதியம் பெறும் வீரரை மனத்தில் வைத்துச் சொன்னவை. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் கணக்கையே மாற்றிவிட்டது. நான்காண்டுப் பணி, அதன்பின் நால்வரில் ஒருவர் மட்டுமே தக்கவைக்கப்படுவார். மற்ற மூவருக்கும் ஏறத்தாழ 11.7 இலட்சம் ரூபாய் சேவை நிதி மொத்தமாகக் கைக்கு வரும். ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் தகுதி இல்லை, இ.சி.எச்.எஸ். இல்லை. ஒதுக்கீட்டுப் புட்டியும் இல்லைதான். ஆனால், பாசறையில் கற்ற பழக்கமும் கையில் பெருந்தொகையும் முன்னே வெறுமையான நாள்களும் உடைய 21 முதல் 25 வயது வரையிலான இளைஞருக்கு ஊரில் கடைகளுக்குப் பஞ்சமில்லை. முதல் அணியினர் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குச் சேர்ந்தனர். அவர்களுடைய நான்காண்டு 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும் முடிகிறது. குறைந்தது அவர்களையாவது விடுவிப்பு நாளிலிருந்து பின்தொடரும் ஒரு நெடுங்கால ஆய்வைப் பல்கலைக்கழகங்களின் உளவியல், சமூகப்பணித் துறைகளும் படை மருத்துவத் துறையும் சேர்ந்து தொடங்க வேண்டும். லீ ராபின்ஸ் வியட்நாமிலிருந்து வந்தவர்களை எண்ணியதைப் போல, முதல் விடுவிப்புக்கு முன்பே அடிப்படைத் தரவைத் திரட்டினால்தான் அந்த ஆய்வுக்குப் பொருள் இருக்கும்.